ஆள்காட்டிக்குப் பாடம்

பகல் பதினொன்று இருபதுக்குச் சாம்பல் நிற ஜீப் மீன் ஏலக்கூடத்தைக் கடந்தது. உள்ளே இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சத்தம் உப்பளத்துப் பக்கம் தேய்ந்த பிறகுதான் பட்டுக்கனி டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து பெட்டியை எடுத்தாள்.

சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். மணல்துறை ஊர் அதற்கு ஆள்காட்டி என்று பெயர் வைத்திருந்தது. அதன் முன் அரை நிமிஷம் பேசினால், பேசியவர் முஸ்லிமாக இருக்க நூற்றுக்கு எத்தனை என்று ஓர் எண் காட்டும். எண் எண்பதைத் தாண்டியவர்களை, ஊர்ச்சாலை பிரியும் புளியடி விலக்கில் நிற்கும் ஜீப் பையன்கள் பஸ்ஸிலிருந்து இறக்குவார்கள். இதுவரை பதினொரு பேரை இறக்கியிருக்கிறார்கள். மூன்று பேர் வீடு திரும்பவில்லை.

எண்பதுக்குக் கீழே என்றால் விட்டுவிடுவார்கள். ஒருமுறை அறுபது காட்டியவனை அடித்துவிட்டு, அவன் தங்களில் ஒருவனுடைய அண்ணன் என்று பிறகு தெரிந்துகொண்டார்கள். அதிலிருந்து எண்ணுக்கு மரியாதை.

பெயரை மாற்றிச் சொல்லலாம், அட்டையை மாற்றலாம், பேச்சை மாற்ற முடியாது என்பது பெட்டியை விற்றவர்களின் விளம்பரம்.

பத்து நாளைக்கு முன் ஜீப் பையன்கள் கடற்கரை டீக்கடையில் ஒரு பெட்டியை மறந்துவிட்டுப் போனார்கள். டீக்கடைக்காரர் அதன்மேல் துண்டைப் போட்டு மூடி, சந்தியாகுவிடம் கொடுத்தார். சந்தியாகு மாதா கோயில் தெருவில் செல்போன் பழுது பார்ப்பவன். சிம்மைப் பிடுங்கினான். பெட்டி எதைப் பிடிக்கிறது என்று இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தான். சொற்கள் பாதி, மூச்சு வாங்கும் இடமும் இழுக்கும் இடமும் மீதி. பள்ளிவாசல் தெருவில் குழம்பை ஆணம் என்பார்கள். காலையில் சாப்பிடுவதைப் பசியாறுவது என்பார்கள். அந்த இரண்டு சொல்லே முப்பது எண்ணை ஏற்றிவிடும்.

பள்ளிவாசல் தெரு, மாதா கோயில் தெரு, முத்தாரம்மன் கோயில் தெரு, மூன்றும் கூடிப் பேசின. பள்ளிவாசல் தெரு மட்டும் சொல்லை மாற்றினால் போதாது, அந்த மாற்றமே அடையாளமாகிவிடும் என்றான் சந்தியாகு. எல்லோரும் மாற்றிக்கொள்ள வேண்டும். பள்ளிவாசல் தெரு குழம்பு என்றும் மற்ற இரண்டும் ஆணம் என்றும் சொன்னால் எந்தச் சொல்லும் யாரையும் காட்டிக்கொடுக்காது.

மறுநாளிலிருந்து ஏலக்கூடத்தில் வகுப்பு. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால் பட்டுக்கனி டீச்சரை உட்காரவைத்தார்கள். ஆணம் என்பது பழைய தமிழ்தான் என்று முதல் நாளே சொன்னாள். “அவுக விடாம வச்சிருந்தாவ. நாமதான் விட்டுட்டோம்.”

இன்று வரிசையில் முதல் ஆள் பொன்னுத்துரை. மளிகைக் கடைக்காரர். முத்தாரம்மன் கோயில் கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம்.

“நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீய?” என்று கேட்டாள்.

“சோறும் மீன் ஆணமும்,” என்றார் பெட்டியைப் பார்த்து. “ஆணத்த ஊத்துட்டின்னு சொன்னேன். எந்தத் தெருவுல இன்னொருத்தி வச்சிருக்கீருன்னு கேட்டுட்டா.”

வரிசை சிரித்தது.

“மறுகா?” பிறகு என்பதற்குப் பள்ளிவாசல் தெருச் சொல் அது.

“மறுகா என்ன, சட்டியத் தூக்கிட்டுப் போயிட்டா. வெறுஞ்சோறுதான்.”

பெட்டி 41 காட்டியது. எண்ணுக்குக் கீழே ஒரு கேள்வி வரும்: உண்மையில்? ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். பட்டுக்கனி இல்லையை அழுத்தினாள். திரை அடுத்த ஆளுக்கு மாறியது.

“பாஸா டீச்சர்?”

“பாஸுதான். போங்க.”

அடுத்தவள் ஜைத்தூன். ஐஸ் வண்டி ஓட்டும் நூஹுவின் மனைவி. பள்ளிவாசல் தெருச் சொற்களை மற்ற இரண்டு தெருவுக்கும் சொல்லிக்கொடுப்பவள் அவள். ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. ஆனால் குழம்பு என்று சொல்லும்போது, சோற்றில் கல் கடித்ததுபோல ஒரு கணம் நின்றுவிடுவாள்.

58.

“நிக்காதீய ஜைத்தூன். கொழம்புன்னு ஓடிரணும்.”

“ஓடத்தான் பாக்கேன் டீச்சர். வாய் வரமாட்டங்கு.”

பட்டுக்கனி ஆம் என்பதை அழுத்தினாள்.

வகுப்பில் சிரிப்பு இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கவில்லை. ஃபோனில் தெரியாத குரல் பசியாறியாச்சா என்று கேட்டால், முன்பெல்லாம் எந்தத் தெருவிலிருந்து பேசுகிறார்கள் என்றாவது தெரியும். இப்போது அதுவும் தெரியவில்லை. நன்றாகப் படித்தவர்கள்மேல்தான் சந்தேகம் அதிகம் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சந்தியாகு பள்ளிவாசல் தெருப் பையன். இவன் எதற்கு இவ்வளவு சுத்தமாகப் படிக்கிறான் என்று இரண்டு பேர் பட்டுக்கனியிடம் தனியாக வந்து கேட்டார்கள். அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

*

செவ்வாய்க்கிழமை மைதீனை விலக்கில் இறக்கினார்கள். வலை விற்கிறவர். ஏலக்கூடத்தில் முதல் நாள் அவருக்கு நாற்பத்தெட்டு. பிறகு அறுபது. பிறகு எழுபது. பெட்டிக்கு வயசாகிவிட்டது என்று சொல்லிச் சிரித்தார்கள். விலக்கில் தொண்ணூற்றொன்று. இடது கை இரண்டு இடத்தில் ஒடிந்தது.

“ஆணம்னு நான் சொல்லவே இல்ல,” என்றார் ஆஸ்பத்திரிக் கட்டிலில். “கொழம்புன்னுதான் சொன்னேன். கொழம்பச் சொல்லுத தினுச வச்சே புடிச்சிட்டு.”

அன்று சாயங்காலம் கூடத்தில் நிற்க இடமில்லை. சந்தியாகு எழுந்து பேசினான்.

“பெட்டி தானாப் படிக்காது. இந்தக் குரல் இன்னாருதுன்னு ஒருத்தர் நெசத்தச் சொல்லிக் குடுக்கணும். அப்பத்தான் படிக்கும். நம்மூருக் குரலையெல்லாம் யாரோ சொல்லிக் குடுக்காவ.”

“யாரு?”

“அது எனக்கெப்படித் தெரியும்?”

பலரும் அவனைப் பார்த்தார்கள். அவன் உட்கார்ந்துகொண்டான்.

பொன்னுத்துரை பின்வரிசைப் பக்கம் திரும்பினார். “நூஹு, ஒம்ம வண்டி தெனம் விலக்குல போவுது. ஒம்மள மட்டும் ஏன் எறக்கல?”

“நிறுத்தத்தான் செய்யான்.”

“பெறவு?”

“மீன் குடுப்பேன்.”

“என்ன மீனு?”

“இருந்தா சீலா. இல்லன்னா ஊளி.”

“அடிக்கவனுக்குச் சீலாவா? எனக்கு நெத்திலிதானய்யா தாரீரு.”

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள்.

“விலக்குல நிக்க அந்தப் பய அம்ம இங்கதான் மீன் எடுத்தா,” என்றார் நூஹு. “இடுப்புல வச்சித் தூக்கிட்டு வருவா அவன. எனக்கு அவனத் தெரியும்.”

“அவங்கிட்ட என்ன பேசுவீரு?”

“அம்ம எப்பிடியிருக்கான்னு கேப்பேன்.”

“நம்மளப் பத்தி?”

நூஹு பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது மரியாதையில்லை என்று நினைத்திருக்கலாம். கூடம் வேறு மாதிரி நினைத்தது.

பிரச்சினை அடங்கும்வரை அவர் ஊரில் இருக்கக் கூடாது, மேற்கே அக்காள் வீட்டில் போய் இருக்கட்டும் என்று முடிவானது. முதலில் கை தூக்கியவர் பள்ளிவாசல் ஜமாத் தலைவர். மற்ற இரண்டு தெருவும் அவருக்காகத்தான் காத்திருந்ததுபோலத் தூக்கின. பட்டுக்கனியும் தூக்கினாள். ஜைத்தூன் பெண்கள் பக்கம் நின்று, யார் யார் கை மேலே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

நூஹு வண்டிச் சாவியை மேசைமேல் வைத்தார். “வாரேன் டீச்சர்,” என்றார்.

பட்டுக்கனி வீட்டுக்கு வந்ததும் மகள் முத்தரசி ஃபோனில் கூப்பிட்டாள். நகரத்தில் நர்சிங் படிக்கிறாள்.

“ஹாஸ்டல் வாசல்லயும் பெட்டி வச்சுட்டாங்கம்மா. தெனம் உள்ள வரும்போது பேசணுமாம்.”

“உனக்கு என்ன காட்டுச்சு?”

“மூணு.”

பட்டுக்கனிக்கு மூச்சு வந்தது. வந்ததற்காக வெட்கப்பட்டாள். “உன் ரூம்ல இருந்த பிள்ள, நசீஹா?”

“அவ போன வாரமே ஊருக்குப் போயிட்டாம்மா. யார்கிட்டயும் சொல்லல. பெட்டி வரப்போகுதுன்னு அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் எல்லாரும் கேக்கிறாங்க.”

*

நூஹு போய்ப் பத்து நாளாயிற்று. எண்கள் இறங்கவில்லை. ஜைத்தூன் ஒரு இடத்திலும் நிற்காமல் குழம்பு என்று ஓடினாள். தொண்ணூற்றிரண்டு. பொன்னுத்துரை ஆணத்தையும் மறுகாவையும் பசியாறியதையும் ஒரே மூச்சில் சொன்னார். ஆறு.

“நூஹுதான் போயிட்டாரே,” என்றார் அவர். “இன்னும் யாரு?”

அன்று வகுப்பு முடிந்ததும் பட்டுக்கனி மதிப்பெண் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். முதல் நாள் வந்துவிட்டு, கூச்சத்தாலோ பயத்தாலோ பிறகு வராதவர்கள் பதினேழு பேர் இருந்தார்கள். மறுநாள் காலை அவர்களை வரச்சொன்னாள். பதினேழு பேரும் பேசினார்கள். அவர்கள் எண் கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது. தவறாமல் வந்தவர்களைத்தான் பெட்டிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பதினேழாவது ஆள் பேசி முடித்தார். உண்மையில்? என்று பெட்டி கேட்டது. விரல் ஆம் என்பதன்மேல் போய் உட்கார்ந்தது. அவள் விரலைப் பார்த்தாள்.

இருபத்திரண்டு வருஷம் விடைத்தாள் திருத்திய விரல். தப்பைச் சரி என்று விட்டதில்லை. பெட்டி கேட்டபோதெல்லாம் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை.

சந்தியாகுவைக் கூப்பிட்டு விட்டாள். வந்து கேட்டுவிட்டு அவன் பெஞ்சில் உட்கார்ந்தான்.

“ஏன் டீச்சர் அமுக்குனீய?”

“கேட்டுது.”

“கேட்டா?”

“கேட்டா பதில் சொல்ல வேண்டாமா? சொல்லாட்டா அடுத்த ஆளுக்குப் போகமாட்டங்கு.”

“எதையாவது சொல்லியிருக்கலாம்லா.”

அவளுக்கு அது தோன்றவே இல்லை.

“நீ சிம்மப் பிடுங்கிட்டேன்னு சொன்னியே,” என்றாள். “இங்க அமுக்குனது விலக்குல இருக்க பெட்டிக்கு எப்படிப் போச்சு?”

அதை அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மணி பதினொன்று இருபது ஆனது. ஜீப் வாசலைக் கடந்தது. மேசைமேல் இருந்த பெட்டியின் ஓரத்தில், கடுகளவு நீல வெளிச்சம் ஏழெட்டுத் தடவை துடித்து அணைந்தது. இத்தனை நாளும் அந்த நேரத்தில் பெட்டி இழுப்பறைக்குள் இருந்திருக்கிறது.

“பக்கத்துல இன்னொரு பெட்டி வந்தா ரெண்டும் பேசிக்கிடுது,” என்றான் சந்தியாகு.

“உனக்குத் தெரியாது?”

“என்னையச் சந்தேகப்படுதீயளா?”

“மூணு வாரமா.”

“நானும்தான்,” என்றான். “உங்கள. நோட்டுல என்னத்த எழுதுதாவன்னு.”

இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“அவனுவ மறந்துட்டுப் போகல டீச்சர். வச்சிட்டுப் போயிருக்கானுவ. இவ்வளவு ஒழுங்காச் சொல்லிக் குடுக்க ஒரு ஊரு அவனுவளுக்கு எங்க கெடைக்கும்?”

எழுந்து வாசல்வரை போனவன் திரும்பி நின்றான். “இத வெளிய சொல்லணுமா?”

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கூடத்திலிருந்து வீட்டுக்கு நானூறு அடி. அந்த நானூறு அடியும் அவள் அதைத்தான் யோசித்தாள். சொல்லாவிட்டால் செய்தவர் நூஹுதான். ஊர் ஏற்கெனவே அப்படித்தான் வைத்திருக்கிறது. யாரும் புதிதாக எதையும் நம்ப வேண்டியதில்லை.

சாயங்காலம் கூடத்தில் சொன்னாள். உட்கார்ந்து சொல்லவில்லை, நின்று சொன்னாள். மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

பொன்னுத்துரைதான் முதலில் வாயைத் திறந்தார். “ஒரு மனுசன ஊர விட்டு அனுப்பிட்டோமே டீச்சர்.”

“ஆமா.”

“நீங்களும் கையத் தூக்குனீயளே.”

“ஆமா.”

அவர் மேலே ஏதோ சொல்ல வந்தார். தன் கையைப் பார்த்தார். விட்டுவிட்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஜைத்தூன் பேசினாள். சத்தம் போடவில்லை. “அவுக நாளைக்கு வாறாவ. மதினி ஊர்ல வீடு வீடாப் பெட்டியத் தூக்கிட்டு வாரானுவளாம். இன்னிக்கு எங்கயோ ஒளிஞ்சிருக்காவ. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு இங்க வார பஸ்ஸு. அது ஒண்ணுதான் இருக்கு.”

ஜைத்தூன் மேசைமேல் இருந்த நோட்டைப் பார்த்தாள்.

“அவுகளுக்குக் கடைசியா என்ன காட்டுச்சு டீச்சர்?”

நோட்டைத் திறக்கத் தேவையிருக்கவில்லை. “தொண்ணூத்தாறு.”

*

படித்ததைப் பெட்டியிலிருந்து அழிக்க முடியாது என்றான் சந்தியாகு. ஆனால் தப்பாகச் சொல்லிக்கொடுக்கலாம். புதிதாகச் சொல்வதற்குத்தான் அது மதிப்புக் கொடுக்கிறது. நாளைக் காலை ஜீப் வருவதற்குள் நானூறு குரலாவது வேண்டும்.

“பள்ளிவாசல் தெருக்காரவுக அவுக பேச்சையே பேசட்டும். நாம இல்லன்னு போடுவோம்,” என்றார் பொன்னுத்துரை.

“அது மட்டும் போதாது அண்ணாச்சி. ஒரு பக்கமே பொய் சொன்னா பெட்டி நம்பாது. நீங்க உங்க வீட்டுப் பேச்சப் பேசணும். உங்களுக்கு ஆம்னு போடணும்.”

“எனக்கா?”

“உங்களுக்கு, எனக்கு, ரெண்டு தெருவுக்கும். ஒரு வாரமோ ரெண்டு வாரமோ, பெட்டி கொழம்பிப் போற வரைக்கும் விலக்குல எறங்குதது நாமளாக்கூட இருக்கலாம்.”

“வெளிய போகாம இருந்துக்கிடலாமே,” என்றாள் ஒருத்தி.

“ஒரு வீட்டுக் குரலெல்லாம் அதுக்கு ஒண்ணுபோல. வீட்டுல ஒருத்தருக்கு ஆம்னு போட்டா, பெட்டிக்குப் பெட்டி போயி வெளியூர்ல இருக்க பிள்ளைக்கும் ஏறும்.” சந்தியாகு யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பட்டுக்கனிக்கு ஹாஸ்டல் வாசல் தெரிந்தது. முத்தரசி பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு பெட்டியின் முன் குனிவது தெரிந்தது.

கூட்டம் கை தூக்காமல் கலைந்தது. இந்தத் தடவை யாரும் கை தூக்கச் சொல்லவில்லை. வருகிறவர்கள் வரட்டும் என்றார்கள்.

காலை ஐந்தரைக்கு அவள்தான் முதலில் வந்தாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை. பெட்டியை மேசைமேல் வைத்து, நேற்று மத்தியானம் சாப்பிட்டதைத் தன் வீட்டுப் பேச்சில் சொன்னாள். ரசமும் அப்பளமும். அரை நிமிஷத்துக்கு அது போதவில்லை. அப்பளம் கருகியதையும் சொன்னாள்.

4. உண்மையில்?

விரலைக் கொண்டுபோனாள். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பொன்னுத்துரை. அவருக்குப் பின்னால் அவர் மனைவி. நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தபோது திரை அணைந்திருந்தது. பதில் வராவிட்டால் கொஞ்ச நேரத்தில் அது தானாக அணைந்துவிடும். இதை முதல் நாளே கண்டுபிடித்திருக்கலாம் என்று தோன்றியது. நம்முடையதைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

“எம் மச்சினன் செல்வக்கனி இன்னிக்கு அந்த பஸ்ஸுலதான் வாரான்,” என்றார் பொன்னுத்துரை. “வராதலேன்னு சொன்னேன். கல்யாண வீட்டுச் சாமானு, வராம முடியாதுங்கான்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “போடுங்க.”

“இவுகளுக்கு முந்தி எனக்குப் போடுங்க டீச்சர்,” என்றாள் அவர் மனைவி. “அவன் எந் தம்பி.”

ஆம். ஆம்.

வரிசை வந்தது. மாதா கோயில் தெருவில் பூசை முடிந்து நேராக வந்தார்கள். பள்ளிவாசல் தெருக்காரர்கள் மூன்று வாரத்துக்குப் பிறகு ஆணம் என்று சொன்னார்கள். சொல்லும்போது சிலருக்குச் சிரிப்பு வந்தது. மைதீன் கட்டுப் போட்ட கையோடு வந்து உட்கார்ந்தார். கோயில் தெரு ஆள் ஒருவர் வரிசையில் பாதி வந்தபின், மனைவி காதில் எதையோ சொல்ல, திரும்பிப் போனார். கால் மணி நேரம் கழித்துத் தனியாக வந்து கடைசியில் நின்றார். சில வீடுகளிலிருந்து யாரும் வரவில்லை. எந்த வீடுகள் என்று வந்தவர்கள் மனதில் குறித்துக்கொண்டார்கள்.

பொய்யை அழுத்துவது அவளுக்குக் கைவரவில்லை.

“தப்பாப் போடுங்க டீச்சர்,” என்றான் பக்கத்தில் நின்ற சந்தியாகு.

“தப்பாத்தான போட்டேன்.”

“இல்ல. சரியாப் போட்டுட்டீய.”

பேசிவிட்டுப் போனவரைத் திரும்பக் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள்.

ஒன்பது மணிக்கு வரிசை ஒரு தடவை அறுந்தது. யாரோ டீ கொண்டுவந்தார்கள். அவள் குடித்தாள். பத்தரைக்கு மறுபடியும் அறுந்தது. நோட்டில் பெயர்களை எண்ணினாள். முந்நூற்று எழுபது. சந்தியாகு ஓடிப்போய்த் தெருவில் சத்தம் போட்டு இன்னும் ஆட்களைக் கூட்டிவந்தான். ஜைத்தூன் கடைசியாக வந்து உட்கார்ந்து, முந்தின நாள் தான் எதுவும் ஆக்கவில்லை என்பதைத் தன் வீட்டுப் பேச்சில் சொன்னாள்.

இல்லை.

நானூற்றுப் பன்னிரண்டு. ஜீப் போனது. நீல வெளிச்சம் வெகுநேரம் துடித்தது.

*

பஸ் வந்தபோது ஐந்து நாற்பது. நிறுத்தத்தில் மூன்று தெருவும் நின்றன. முதலில் செல்வக்கனி இறங்கினான். சட்டையில் பொத்தான் இல்லை. காதுக்குக் கீழே ரத்தம் காய்ந்திருந்தது. அக்காள் அவனைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்குப் பின்னால், இரண்டு கையிலும் கல்யாண வீட்டுச் சாமானோடு நூஹு இறங்கினார்.

“என்னலே ஆச்சு?” என்றார் பொன்னுத்துரை.

செல்வக்கனி அக்காள் தோளில் சாய்ந்துகொண்டான். நூஹு பேசினார்.

“எனக்கு அறுவத்தொண்ணு. போன்னுட்டான். இவனுக்கு எம்பத்தி நாலு. எறங்குன்னான். நெத்தியில திருநீறக் காட்டுதான் இவன். திருநீற எவனும் பூசலாம், பெட்டி பொய் சொல்லாதுங்கான் அந்தப் பய. ரெண்டு அடி அடிச்சிட்டான். பெறவு நானும் எறங்குனேன்.”

“நீரு ஏன் எறங்குனீரு?”

“நம்ம ஊர்க்காரன்லா.”

பொன்னுத்துரை சாமான்களை அவர் கையிலிருந்து வாங்கப் போனார். நூஹு கொடுக்கவில்லை.

“டிரைவரு இஞ்சின அணைச்சிட்டாரு. பெறவு ஒவ்வொருத்தரா எல்லாரும் எறங்கிட்டாவ. நாப்பது பேரு. வச்சிப் பாக்கான், பாக்கான். பூக்காரிக்கு எழுவத்தெட்டு. மாதா கோயில் உபதேசியாருக்கு எம்பத்தொண்ணு. பள்ளிவாசல் மோதினாருக்கு முப்பது. பெட்டியத் தட்டுதான், டார்ச்சு லைட்டத் தட்டுத மாதிரி. எம் மூஞ்சியப் பாத்தான். அம்ம எப்பிடியிருக்கான்னு கேட்டேன். ஏறுங்கன்னுட்டான்.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அதன்பின் நிறையப் பேர் சிரித்தார்கள். ஒரு பெண் அழுதாள். நாளைக்கு விலக்கில் என்ன காட்டும் என்று யாரும் கேட்கவில்லை.

ஜைத்தூன் அவர் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கூட்டம் வழிவிட்டது. பட்டுக்கனி ஓரத்தில் நின்றாள். சொல்லவேண்டியதை அவள் பகலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தாள். அவள் அதை எடுக்குமுன் நூஹு எதிரே வந்து நின்றார்.

“ஜைத்தூன் ஃபோன்ல எல்லாஞ் சொன்னா,” என்றார். “பரவாயில்ல டீச்சர். கேட்டா சொல்லத்தான செய்வாவ.”

அவள் தலையை ஆட்டினாள்.

“பொன்னுத்துரை அண்ணாச்சி வீட்டுல ரெண்டு பேருக்கும் ஆம்னு போட்டீயளாமே. சந்தியாகு வீட்டுல அவன் அம்மைக்குக்கூட.”

சந்தியாகு பஸ்ஸின் பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நூஹுவின் குரலில் குத்தல் இல்லை. யார் வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரிக்கிற குரல்தான்.

“உங்களுக்கு எதப் போட்டீய, டீச்சர்?”